டை அடித்த முடி இயல்பாகத் தெரிய என்ன செய்யலாம்?

தூரிகை

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. முன்நெற்றியிலும் இரண்டு பொட்டுப் பக்கமும் நரை கொத்தாக இருக்கிறது, பின்னந்தலையில் தேடினால்தான் ஒன்றிரண்டு கிடைக்கும். சில வருடங்களாகக் கருப்பு டை வாங்கி வீட்டிலேயே அடித்துக்கொள்கிறேன். நரை மறைகிறது, அதில் குறை இல்லை. ஆனால் அடித்த அன்று தலை முழுக்க மை பூசியது போல ஒரே கருப்பாகத் தெரிகிறது, முகம் வேறு களையிழந்து போகிறது. பத்துப் பதினைந்து நாள் போனால் வகிட்டில் வெள்ளைக் கோடு. நுனிப் பக்கம் சொரசொரவென்று ஆகிவிட்டது, சீப்பு இறங்கவே மாட்டேன் என்கிறது.

நரையை அப்படியே விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன், இப்போதைக்கு மனசு ஒப்பவில்லை. அதனால் "டையே வேண்டாம்" என்ற ஒரு பதிலைத் தவிர மற்ற எல்லாம் சொல்லுங்கள். பார்த்தவுடன் டை என்று தெரியாத ஒரு நிறம் வேண்டும். எந்த ஷேட் எடுப்பது, அமோனியா இல்லாதது உண்மையிலேயே நல்லதா, அடித்த பிறகு முடியை எப்படிப் பார்த்துக்கொள்வது, எண்ணெய் வைத்தால் கலர் போய்விடுமா? தெரிந்தவர்கள் விவரமாக எழுதினால் ரொம்ப உதவியாக இருக்கும்.

சீப்பும்கத்தரியும்

நான் முடி அலங்காரத் தொழிலில் இருப்பவள். என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் கேட்பது இதே கேள்விதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். கழுத்தை ஒட்டி நரைக்காத முடி இருக்கிறது என்கிறீர்கள், அதில் டை படாத ஒரு கொத்தைக் கண்ணாடி வைத்து வெயிலில் பாருங்கள். கருப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பது கரும்பழுப்பாக இருக்கும். அதிலும் அடி ஒரு நிறம், வெயில் பட்ட நுனி கொஞ்சம் செம்பட்டை, நெற்றி ஓரத்துப் பூனைமுடி அதைவிட வெளிர். ஒரே நிறத்தில் இருக்கும் தலை என்று இயற்கையில் ஒன்று கிடையாது. கருப்பு டை இந்த ஏற்ற இறக்கம் அத்தனையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது, பார்க்கிறவர் கண் கண்டுபிடிப்பது அதைத்தான். முகம் களையிழப்பதும் இதனால்தான், முகத்தைச் சுற்றி அவ்வளவு அடர்த்தியாக ஒரு நிறம் இருந்தால் கண்ணுக்கடியில் உள்ள கருவளையமும் கோடுகளும் எடுப்பாகத் தெரியும்.

இப்போது ஷேட். டப்பாவில் பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். முதல் எண் அடர்த்தி: 1 என்றால் கருப்பு, 3 அடர்பழுப்பு, 4 நடுத்தரப் பழுப்பு, 5 வெளிர்பழுப்பு, அப்படியே ஏறிக்கொண்டு போய் 10 என்றால் மிக வெளிர்ந்த பொன்னிறம். புள்ளிக்குப் பிறகு வருவது சாயல். பல கம்பெனிகளில் .0 நடுநிலை, .1 சாம்பல் சாயல், .3 பொன் சாயல், .4 செம்புச் சாயல். இந்த இரண்டாவது எண் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள். கருமுடி உள்ளவர்களுக்கு 3, 4 இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் பொருந்தும். இரண்டுக்கும் நடுவில் சந்தேகம் என்றால் வெளிர்ந்ததை எடுங்கள். வீட்டு டை டப்பாப் படத்தைவிட ஒரு படி அடர்த்தியாகத்தான் பிடிக்கும், அதுவும் ஏற்கெனவே டை வாங்கிய முடியில் இன்னும் கூடும். போதவில்லை என்றால் அடுத்த முறை ஒரு படி கூட்டிக்கொள்ளலாம், கூடிவிட்டதைக் குறைப்பதுதான் பெரும்பாடு.

வெள்ளைக் கோடு சீக்கிரம் தெரிவதும் இதோடு சேர்ந்த விஷயம். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும், அதை யாரும் நிறுத்த முடியாது. ஆனால் வெள்ளைக்குப் பக்கத்தில் 1 இருப்பதற்கும் 4 இருப்பதற்கும் நிறைய வித்தியாசம். பழுப்புக்குப் போனவர்கள் வேர் தொடும் இடைவெளியை ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போட முடிகிறது. வகிட்டை நேர்கோடாக எடுக்காமல் வளைத்தோ, பக்கம் மாற்றியோ எடுத்தால் இன்னும் சில நாள் கிடைக்கும்.

நரைக்குச் சிவப்பு, செம்பு ஷேட்களைத் தனியாகப் போட வேண்டாம். வெள்ளை முடியில் அடியில் நிறமே இல்லை என்பதால் டை எப்படி இருக்கிறதோ அப்படியே பளிச்சென்று ஏறும், பக்கத்தில் இருக்கிற கருமுடியில் ஒன்றுமே தெரியாது, தலை இரண்டு நிறமாக நிற்கும். சிவப்புச் சாயல் பிடிக்கும் என்றால் அதே அடர்த்தியில் உள்ள நடுநிலை ஷேட்டோடு பாதிக்குப் பாதி கலந்து போடுங்கள்.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். டையின் மேல் டை போட்டு வெளுக்க வைக்க முடியாது. கருப்பு ஏறிய நுனிமுடியில் 4 தடவினால் ஒன்றும் ஆகாது, புதிதாக வளர்ந்த வேர் மட்டும் பழுப்பாக வந்து நுனி கருப்பாகவே நிற்கும். வழி இரண்டு. ஒன்று, படிப்படியாகப் போவது. இந்த முறை வேரில் 3, இரண்டு மூன்று சுற்று கழித்து 4, இடையில் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வருவது. பொறுமை வேண்டும், ஆனால் முடிக்குக் கூடுதல் சேதம் இல்லை. இன்னொன்று, கைதேர்ந்த ஒருவரிடம் போய்ப் பழைய சாயத்தை எடுக்கச் சொல்வது. கலர் ரிமூவர் என்று வருவது செயற்கைச் சாயத்தை மட்டும் உடைக்கும், ப்ளீச் உங்கள் சொந்த நிறத்தையும் சேர்த்து எடுத்துவிடும். எப்படி எடுத்தாலும் முதலில் செம்மஞ்சளாகத்தான் வரும், அதன் மேல் திரும்ப நிறம் கொடுக்க வேண்டும். நுனி ஏற்கெனவே சொரசொரப்பாக இருப்பதால் நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

அடிக்கும் முறை: நரை அதிகம் உள்ள இடத்தில் முதலில். உங்களுக்கு அது முன்நெற்றியும் பொட்டும், அங்கேதான் முடி சாயத்தை லேசில் வாங்காது, கூடுதல் நேரம் வேண்டும். தலையை நான்காகப் பிரித்து, அரை சென்டிமீட்டர் இடைவெளியில் வகிடு எடுத்து எடுத்து, வேரில் மட்டும் பிரஷ்ஷால் வையுங்கள். ஷாம்பூ தேய்க்கிற மாதிரி தலை முழுக்கத் தேய்த்து நுனி வரை இழுப்பதால்தான் ஒவ்வொரு முறையும் அதே முடியில் சாயம் மேல் சாயமாக ஏறி நுனி கன்னங்கரேல் என்று ஆகிறது, காய்ந்தும் போகிறது. நுனி மங்கியிருந்தால் கடைசி ஐந்து நிமிடம் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கி இழுத்துவிட்டால் போதும். டையோடு கலக்கும் டெவலப்பர் திரவம் 20 வால்யூம், அதாவது 6 சதவீதப் பெராக்சைடு, நரைக்கு அதுதான் அளவு. நேரம் அட்டையில் போட்டிருக்கிறபடி, முன்கூட்டி அலசினால் நரை அரைகுறையாகப் பிடித்து ஒரு வாரத்தில் வெளுத்துவிடும். அலசுவதற்கு முன் கொஞ்சம் தண்ணீர் தெளித்து விரலால் நெற்றி ஓரமெல்லாம் நீவிவிடுங்கள், தோலில் ஒட்டிய கறையும் அதோடு வந்துவிடும்.

உலோகக் கிண்ணம் வேண்டாம். கலந்து மீந்ததை மூடி வைக்காதீர்கள், வாயு கிளம்பி டப்பா வெடிக்கும், கொட்டிவிடுங்கள். புருவத்துக்கும் இமைக்கும் தலைமுடி டையைக் கொண்டுபோகவே கூடாது.

நடைபாதை

நான் ஆண், முடி குட்டை, நரை பாதிக்கு மேல். எனக்குச் சரிப்பட்டது டெமி பெர்மனென்ட் வகை. அது நரையை முழுசாக மூடாது, வெள்ளையைக் கொஞ்சம் அமுக்கி விடும், அவ்வளவுதான். கருப்பும் சாம்பலும் கலந்து தெரிவதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நிறமும் ஒரேயடியாகக் கோடு போட்டு வளராமல் ஒவ்வொரு குளியலிலும் மெல்ல மங்கிக்கொண்டே வரும். கிருதாவில் மட்டும் நரையை அப்படியே விடுகிறேன், அங்கே துளி நரை இருந்தால் மேலே இருப்பதும் சொந்த நிறம் என்றே கண் எடுத்துக்கொள்கிறது.

ஆய்வகம்204

நான் வேதியியல் படித்தவன். அமோனியா கேள்விக்கும் பராமரிப்புக்கும் பதில் சொல்கிறேன், மேலே ஷேட் பற்றி எழுதியதில் சேர்க்க எனக்கு ஒன்றும் இல்லை.

முடியின் மேற்புறம் செதில் செதிலாக ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். நிரந்தர டை வேலை செய்ய வேண்டும் என்றால் அந்தச் செதில்கள் தூக்கிக்கொள்ள வேண்டும், முடி கொஞ்சம் உப்ப வேண்டும். அதற்குக் காரத்தன்மை தேவை, அதைத் தருவதுதான் அமோனியா. உள்ளே போவது நிறமே இல்லாத சின்னச் சின்ன மூலக்கூறுகள், பிபிடி என்கிற பாராபினைலின்டையமின், ரிசார்சினால் போன்றவை. பெராக்சைடு அவற்றை உள்ளேயே ஒன்றோடொன்று இணைத்துப் பெரிய நிற மூலக்கூறாக மாற்றுகிறது. உள்ளே போன வழியாக அது அவ்வளவு சுலபமாக வெளியே வர முடியாது, நிரந்தரம் என்பதன் பொருள் இதுதான். அதே பெராக்சைடு உங்கள் முடியின் சொந்த நிறமியான மெலனினையும் கொஞ்சம் வெளுத்துவிடும். டை மங்கிய பிறகு நரைக்காத முடிகூடச் செம்பட்டையாகத் தெரிகிறதே, காரணம் அந்த வெளுப்புதான்.

அமோனியா இல்லாத டையில் காரத்துக்கு வேறு ஒன்று இருக்கும், பெரும்பாலும் மோனோஎத்தனாலமைன். மூக்கை எரிக்காது, ஆவியாகிப் போகாது. ஆனால் பெராக்சைடும் அங்கே உண்டு, காரமும் உண்டு, பிபிடி அல்லது அதன் உறவுக்காரப் பொருளும் பெரும்பாலும் உண்டு. நெடி தாங்காதவர்களுக்கு நல்லது. "கெமிக்கல் இல்லாதது" என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.

நுனி ஏன் சொரசொரப்பாகிறது என்றால், முடியின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் ஒட்டியிருக்கிறது. 18-எம்இஏ என்று ஒரு கொழுப்பு அமிலம். தண்ணீர் ஒட்டாமல் வழுக்கிப் போவதும், முடிக்கு முடி உரசாமல் இருப்பதும் அதனால்தான். காரமும் பெராக்சைடும் சேர்ந்து அந்தப் படலத்தை உரித்துவிடும், அது திரும்ப வளராது. அப்புறம் முடி தண்ணீரை உறிஞ்சும், ஈரத்தில் ஒன்றோடொன்று சிக்கும், காய நேரம் எடுக்கும், காய்ந்தால் விறைக்கும். இந்த அறிகுறி எல்லாம் உங்களிடம் இருந்தால் காரணம் இதுதான்.

ஆகவே டை அடித்த முடிக்கு மற்ற எதையும்விடக் கண்டிஷனர் முக்கியம். சேதமான முடியின் மேற்பரப்பில் எதிர்மின் தன்மை கூடியிருக்கும், கண்டிஷனரில் உள்ள நேர்மின் மூலக்கூறுகள் அந்த இடங்களைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். பாட்டிலின் பின்னால் பெஹென்ட்ரைமோனியம், சீட்ரைமோனியம், அமோடைமெத்திக்கோன் என்ற பெயர்கள் முதல் ஐந்தாறுக்குள் வந்தால் அது வேலை செய்யும். ஒவ்வொரு முறை தலை அலசும்போதும் போட வேண்டும், வேரை விட்டுவிட்டுக் காதுக்குக் கீழே இருக்கும் நீளத்தில். ஈரமாக இருக்கும்போதே பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுங்கள். வெடித்த நுனியை எந்தக் கிரீமும் ஒட்ட வைக்காது, வெட்டத்தான் வேண்டும்.

நிறம் மங்குவதைப் பற்றி: எல்லோரும் சல்ஃபேட் இல்லாத ஷாம்பூ என்பார்கள். மென்மையான ஷாம்பூ நல்லதுதான், ஆனால் நிறத்தைக் கொண்டுபோவதில் பெரும் பங்கு வெறும் தண்ணீருக்கே உண்டு. முடி நனைந்து உப்பும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சாயம் கசியும். எனவே எத்தனை முறை நனைக்கிறீர்கள் என்பதைக் குறைப்பதில்தான் பலன் அதிகம். சுடுதண்ணீர் தலைக்கு வேண்டாம், வெதுவெதுப்பு போதும். அயர்ன் பயன்படுத்துவது உண்டு என்றால் 180 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற்ற வேண்டாம், முதலில் முடி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். வெயிலில் அதிகம் நிற்க வேண்டியிருந்தால் துணியோ தொப்பியோ போடுங்கள், புற ஊதாக் கதிர் செயற்கைச் சாயத்தையும் வெளுக்கும், சிவப்புச் சாயல் எல்லாவற்றுக்கும் முன்னால் போகும். நீச்சல் குளம் என்றால் இறங்கும் முன் நல்ல தண்ணீரில் தலையை நனைத்துக் கொஞ்சம் கண்டிஷனர் தடவிக்கொள்ளுங்கள், ஏற்கெனவே நிறையத் தண்ணீர் குடித்த முடி குளத்துத் தண்ணீரைக் குறைவாகத்தான் இழுக்கும். வெளுத்த முடி குளத்தில் பச்சையாவது குளோரினால் என்று சொல்வார்கள், உண்மையில் பச்சை தண்ணீரில் இருக்கும் தாமிரத்தால் வருவது.

எண்ணெய்: தாராளமாக வைக்கலாம், நிரந்தர டை முடிக்கு உள்ளே இருக்கிறது, எண்ணெய் அதைக் கரைத்துக்கொண்டு வராது. தேங்காய் எண்ணெயையே எடுத்துக்கொள்ளுங்கள். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள், முடியிலிருந்து புரதம் போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லாரிக் அமிலம் சின்னது, நேரான வடிவம், முடிக்குள் இறங்கும். தலை அலசுவதற்கு முன்பு நீளத்துக்குத் தடவி வைத்தால் முடி தண்ணீரில் உப்புவது குறையும், அதனால் சேதமும் குறையும். டை அடிக்கிற அன்று மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது, சாயம் சீராகப் பிடிக்காது.

கொன்றைப்பூ

தூரிகை அக்கா, ஷேட், பராமரிப்பு எல்லாம் எழுதிவிட்டார்கள், நான் பேட்ச் டெஸ்ட் பற்றி மட்டும், அதாவது தோலில் துளி டை வைத்து ஒவ்வாமை பார்ப்பது பற்றி, சொல்ல வந்தேன். தயவுசெய்து இதை வேகமாகத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

என் தங்கை வருடக்கணக்கில் டை அடித்தவள், ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. ஒரு தடவை அடித்த மறுநாள் காதுக்குப் பின்னால் அரிப்பு, அதற்கடுத்த நாள் காலையில் இரண்டு கண்ணும் திறக்க முடியாமல் இமை வீங்கிப் போய் நின்றாள். நெற்றி ஓரம் முழுக்கக் கொப்புளம், நீர் வடிந்தது. தோல் மருத்துவர் சோதித்துப் பார்த்துப் பிபிடி ஒவ்வாமை என்றார். நாங்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்பதுதான். இந்த ஒவ்வாமை அப்படித்தானாம், உடம்பு எப்போது வேண்டுமானாலும் அதை எதிரியாகப் பதிந்துகொள்ளும், ஒருமுறை பதிந்துகொண்டால் அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் வரும், பெரும்பாலும் முன்னைவிடக் கடுமையாக. எதிர்வினை ஒரு நாள், இரண்டு நாள் கழித்து வருவதால் தடவி அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னாலோ முழங்கை உள்மடிப்பிலோ, அந்த டப்பாவில் சொல்லியிருக்கிற முறைப்படி வைத்துப் பாருங்கள். கம்பெனி மாற்றினாலும் ஷேட் மாற்றினாலும் திரும்பப் பாருங்கள்.

தோலில் தற்காலிக டாட்டூ என்று "கருப்பு மருதாணி" போட்டுக்கொண்டு எப்போதாவது தடித்திருந்தால், ஹேர் டையை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அந்தக் கருப்புக்காக அதில் சேர்ப்பது பெரும்பாலும் பிபிடிதான். பிபிடி இல்லாதது என்று விற்கும் பல டைகளில் அதற்குப் பதில் டொலுயீன் டையமின் இருக்கும், பிபிடி ஒத்துக்கொள்ளாதவர்களில் நிறையப் பேருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது, எனவே மருத்துவரைக் கேட்காமல் மாற்றிப் போடாதீர்கள். முகமோ நாக்கோ வீங்கினாலும் மூச்சுத் திணறினாலும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனை.

வெயில்காலம்

என் அம்மாவுக்கு ரசாயன டை ஒத்துக்கொள்ளாததால் நாங்கள் மருதாணியும் அவுரியும் (நீலச் சாயம் தரும் இண்டிகோ செடி)தான். இயல்பாகத் தெரிவது என்று கேட்டீர்களே, அதில் இதை மிஞ்ச முடியாது என்பது என் எண்ணம். மருதாணியில் பெராக்சைடு கிடையாது, இருக்கிற கருமுடியை அது வெளுக்காது, நிறம் கண்ணாடி மாதிரி மேலேறி நிற்கும். வெள்ளை முடி பழுப்பாகிறது, கருமுடி கருமுடியாகவே இருக்கிறது, ஆகவே அந்த ஏற்ற இறக்கம் தானாகவே வந்துவிடுகிறது.

மருதாணி மட்டும் போட்டால் நரை ஆரஞ்சாகத்தான் வரும், பலருக்கு அங்கேயே வெறுத்துவிடும். அதன் மேல் அவுரி போட வேண்டும். மருதாணிப் பொடியைக் குழைத்துச் சில மணி நேரம் ஊறவிட்டு, தலையில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து அலசி, அப்புறம் அவுரி. அவுரியை ஊறவைக்கக் கூடாது, குழைத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தலைக்குப் போய்விட வேண்டும், நேரம் போனால் வீரியம் போய்விடும். கலக்கும்போது பச்சையாக இருந்தது காற்றுப் பட்டு நீலமாகிக்கொண்டே வரும். அவுரியைக் குறைந்த நேரம் வைத்தால் பழுப்பு, ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்தால் கருப்புக்குப் பக்கம். அலசியவுடன் சிலருக்குப் பச்சை அடிக்கும், பயப்பட வேண்டாம், ஒன்றிரண்டு நாளில் நிறம் அடர்ந்து நிலைத்துவிடும். அதுவரை ஷாம்பூ வேண்டாம்.

பொடி வாங்கும்போது உள்ளடக்கத்தில் லாசோனியா இனெர்மிஸ் (மருதாணி), இண்டிகோஃபெரா டிங்டோரியா (அவுரி), இந்த இரண்டு பெயரைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. "பத்தே நிமிடத்தில் கருப்பு" என்று போட்டிருந்தால் அதில் பிபிடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்கள் மருதாணியையே தொடக் கூடாது, இரத்தச் சிவப்பணுக்கள் உடையலாம்.

சீப்பும்கத்தரியும்

வெயில்காலம் சொன்னது எல்லாம் சரி, ஆனால் தூரிகைக்கு ஒரு எச்சரிக்கை. மருதாணி, அவுரி இரண்டும் ஒருமுறை ஏறினால் இறங்காது. பின்னால் மனசு மாறிப் பார்லரில் வெளுக்க வைக்கலாம் என்று போனால் அவுரி சரியாக எடுபடாது, பச்சை அடித்துக்கொண்டு நிற்கும். சில மூலிகைப் பொடிகளில் உலோக உப்பு கலந்திருக்கும், அந்த முடியில் பெராக்சைடு பட்டால் சூடேறி முடியே அறுந்துவிடும். தினமும் தடவத் தடவக் கருப்பாகும் என்று வருகிற திரவங்களும் இந்த உலோக வகைதான், ஒரு காலத்தில் அவற்றில் ஈய அசிடேட் இருந்தது, அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-ல்தான் அதற்கான அனுமதியை விலக்க உத்தரவிட்டது. எனவே எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள், இரண்டையும் மாற்றி மாற்றிப் போட வேண்டாம். பார்லருக்குப் போனால் இதுவரை தலையில் என்னென்ன போட்டீர்கள் என்பதை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள், கடந்த இரண்டு வருடத்துக் கதையும் இன்னும் அந்த நுனியில்தான் இருக்கிறது.

தூரிகை

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. கழுத்துப் பக்க முடியை வெயிலில் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே கரும்பழுப்புதான். ரசாயன டையிலேயே இருந்து 3, அப்புறம் 4 என்று இறங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன், பேட்ச் டெஸ்டோடுதான் ஆரம்பிப்பேன் கொன்றைப்பூ. இரண்டு சந்தேகம் மட்டும் பாக்கி. இடைப்பட்ட வாரங்களில் முன்நெற்றி வெள்ளை மட்டும் கண்ணை உறுத்துகிறது, அதற்காக ஒவ்வொரு முறையும் டை கலக்க வேண்டுமா? டை அடிக்கும் முன் தலைக்குக் குளிக்க வேண்டுமா, கூடாதா?

சீப்பும்கத்தரியும்

கலக்க வேண்டாம். வேர் மறைக்கும் பவுடரும் ஸ்ப்ரேயும் வருகின்றன, ஷாம்பூ போட்டால் போய்விடும் வகை, முடிக்குள் எதுவும் இறங்காது. பவுடரைச் சின்ன பிரஷ்ஷில் தொட்டு வகிட்டிலும் நெற்றி ஓரத்திலும் ஒற்றி எடுத்தால் போதும், உங்கள் ஷேட்டைவிட ஒரு படி வெளிராக வாங்குங்கள். நிரந்தர டையைப் பொறுத்தவரை இரண்டு அடிப்புக்கு நடுவில் நான்கிலிருந்து ஆறு வாரம் கட்டாயம் விடுங்கள்.

குளிப்பது அடிக்கும் நாளுக்கு முந்தைய நாள். அன்றே ஷாம்பூ போட்டுத் தேய்த்தால் மண்டைத்தோல் எரியும், நாலைந்து நாள் எண்ணெயோடு இருந்தால் நரை சரியாகப் பிடிக்காது. தலையில் புண், கீறல், சொறிந்த இடம் எது இருந்தாலும் ஆறும் வரை தள்ளிப்போடுங்கள். முதல் தடவை 3 போடும்போது பொட்டுப் பக்கம் உள்ளே மறைந்திருக்கிற ஒரு சின்னக் கொத்தில் மட்டும் வைத்து அலசிக் காயவைத்துப் பாருங்கள், ஈரத்தில் எல்லாமே கருப்பாகத்தான் தெரியும். காய்ந்த பிறகு பிடித்திருந்தால் மீதித் தலைக்குப் போங்கள்.

தூரிகை

சரி, அப்படியே செய்கிறேன். பேட்ச் டெஸ்ட் இன்று வைத்துவிட்டேன்.